கோலா உருண்டைக்கு எழும்பும் மாடி

எங்கள் மாடி கீழ்வீட்டை விட்டு எழும்பிய ஞாயிற்றுக்கிழமை, குமரன் காலனிக் குறுக்குத் தெருவில் முதன்முதலாகக் கேட்கப்பட்ட கேள்வி அது எப்படி எழும்பியது என்பதல்ல. தண்ணீர்த் தொட்டியும் கூடவே மேலே போய்விட்டதே, இனிக் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் எப்படி வரும் என்பதுதான். தெருமுனையில் சைக்கிளை நிறுத்திய பிளம்பர் அண்ணாந்து பார்த்து, இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து, "வளையிற பைப்பா போட்டுட்டா ஏறுனாலும் இறங்குனாலும் தொந்தரவில்ல" என்றார். அதோடு அதிசயம் முடிந்தது. மாடி எழும்பியதை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் ஏற்றுக்கொண்ட தெரு, அது எதனால் எழும்பியது என்று தெரிந்த பிறகுதான் கூட்டம் போட்டது. எங்கள் தெருவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

நஸ்ரினும் நானும் அந்த மாடிக்கு வந்தது வேறு எந்த மாடியும் எங்களை ஏற்காததால். அவள் ஆம்பூர்க்காரி, பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு, கடைசி அத்தியாயம் பாக்கி. நான் அங்கயற்கண்ணி, சிவகங்கைப் பக்கம், சமூகவியல், எல்லோருக்கும் அங்கை. ஆய்வுக்காலம் நீண்டுவிட்டவர்களுக்கு விடுதியில் இடமில்லை என்று வெளியே அனுப்பப்பட்டு வீடு தேடி அலைந்தோம். போன இடத்திலெல்லாம் பெயரைக் கேட்பார்கள், பிறகு ஊரைக் கேட்பார்கள், பிறகு வீடு போன வாரமே போய்விட்டதே என்பார்கள்; 'வாடகைக்கு' என்ற பலகை மட்டும் கேட்டில் ஆடிக்கொண்டிருக்கும். இந்த வீட்டுக்காரர் அம்பலவாணன் சார் அப்படிப் பொய் சொல்லவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

"யாரா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதாம்மா. கவுச்சி மட்டும் கூடாது. முட்டைகூடக் கூடாது. என் மூக்கு பொல்லாத மூக்கு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நஸ்ரின் என் காலை மிதித்துக்கொண்டே, "சரிங்க சார்" என்றாள்.

மூக்கைப் பற்றி அவர் சொன்னது உண்மை. மேலே எங்கள் குக்கர் விசில் அடித்ததும் கீழே அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்; வெளிப்படி ஏறி, எங்கள் கதவுக்குக் கொஞ்சம் கீழே நின்று, கண்ணை மூடி மூச்சை இழுப்பார்; சாம்பார் என்றால் "பெருங்காயம் பத்தல" என்று கதவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போவார். ரசம் என்றால் புளி பழசா புதுசா என்று சொல்வார். ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவர் கறி சாப்பிடாதது அவர் பாடு, அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் ஒருவருடைய மூக்கு அவருடைய முகத்தோடு முடிய வேண்டாமா? அது எப்படிப் படியேறி எங்கள் அடுப்புவரை வந்து நிற்கலாம்? வாடகை கொடுக்கிற வீட்டின் காற்று வாடகையில் சேர்த்தி இல்லையா? இதையெல்லாம் நான் தோசை சுட்டுக்கொண்டே கேட்பேன். நஸ்ரின் தலையைக்கூடத் தூக்காமல், "முதல்ல தீசிஸ்டி, அப்புறம் புரட்சி" என்பாள்.

அந்த நஸ்ரின்தான், அவளுடைய வழிகாட்டி முந்தைய அத்தியாயத்தை ஒருவழியாக ஏற்றுக்கொண்ட மறுநாள், "இன்னைக்கு கோஃப்தா சாப்பிடலன்னா நான் உக்காந்து அழுதுருவேன்" என்றாள்.

பாய் கடையில் கொத்துக்கறி வாங்கிப் புத்தகப் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்தோம். எங்களைப் போன்ற வாடகைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது: ஆட்டுக்கறித் துண்டு என்றால் குக்கர் கத்திக்கொண்டே இருக்க வேண்டும், தெருவே எண்ணிவிடும், கொத்துக்கறியை உருண்டை பிடித்தால் ஒரே விசிலில் வெந்துவிடும், கேட்கிறவர்கள் பருப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

"பொட்டுக்கடலை மாவு போடணும்" என்றேன்.

"போட்டா அது கறியில்ல, பலகாரம்."

"போடலன்னா அது உருண்டையில்ல, உப்புமா."

"எங்க அம்மா கைமாவ இறுக்கிப் பிழிஞ்சு, கொத்தமல்லியும் புதினாவும் போட்டு அப்படியே உருட்டுவாங்க. ஒண்ணு உடைஞ்சதில்ல."

"உங்க அம்மா கை வேற, உன் கை வேறடி. நீ எழுதுற சமன்பாடே உடைஞ்சுதான் போகுது."

கடைசியில் இரண்டும் போட்டோம்: அவளுடைய புதினாவும் என்னுடைய பொட்டுக்கடலையும், சின்ன வெங்காயம், சோம்பு, இஞ்சி, பூண்டு. நாட்டுத் தக்காளியைக் குக்கரிலேயே வதக்கி, தோல் சுருண்டு எண்ணெய் பிரியும்வரை விட்டு, மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கொதிக்க வைத்து, கொதிக்கிற குழம்பில் உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். கரண்டி போடக் கூடாது, போட்டால் உடையும். குக்கரின் காதைப் பிடித்துத் தொட்டிலை ஆட்டுவதுபோல் ஒரு சுற்று ஆட்ட வேண்டும். ஆட்டினேன். மூடினேன். தீயைக் குறைத்தேன்.

விசில் ஒன்றுதான் வரும். ஆனால் அந்த ஒன்றில் மொத்த வாசமும் வெளியே பாயும். ஞாயிற்றுக்கிழமை, சார் வீட்டில்தான் இருந்தார். வெயிட் லேசாக அசையத் தொடங்கியதும் நஸ்ரின் ஈரத்துண்டை எடுத்து அதன்மேல் போட்டாள். துண்டும் அசைந்தது. பூண்டு தட்டுகிற கல்லைத் தூக்கித் துண்டின்மேல் வைத்தாள். இயற்பியல் படித்தவள் செய்யக் கூடாத காரியம். எவருமே செய்யக் கூடாத காரியம். குக்கர் நடுங்கியது, அடுப்பு நடுங்கியது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின, தரையடியில் எங்கோ ஊறுகாய் ஜாடியின் மூடி திறந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது, பிறகு எல்லாம் மிக லேசாகிவிட, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் மெதுவாகக் கீழே இறங்கிப் போனது.

எதிர்வீடு இறங்கவில்லை, நாங்கள்தான் ஏறினோம் என்பது கதவைத் திறந்தபோது தெரிந்தது. படிக்கட்டு கீழேயே நின்றுவிட்டது. அதன் கடைசிப் படியில் அம்பலவாணன் சார், மூக்குக்கு நேராக எங்கள் வீட்டின் அடிப்புறத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"ஏம்மா, என்ன பண்றீங்க?"

"சமைக்கிறோம் சார்."

"என்ன சமைக்கிறீங்க?"

நான் நஸ்ரினைப் பார்த்தேன். இந்தத் தடவை அவள் என் காலை மிதிக்கவில்லை.

"கோலா உருண்டைக் குழம்பு சார்."

"கோஃப்தா" என்று திருத்தினாள் நஸ்ரின்.

வீடு இரண்டாகப் பிரிந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்றார்.

பிறகு தெரு தன் வேலையைத் தொடங்கியது. பெயின்டரிடமிருந்து மூங்கில் ஏணி வந்து கடைசிப் படிக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே நின்றது; மின்வாரியத்திலிருந்து வந்தவர் ஒயரைத் தளர்த்திக் கட்டிவிட்டு, இப்படி இன்னும் யாராவது எழும்புவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனார்; பால்காரர் கயிற்றில் தூக்குவாளியைக் கட்டி அனுப்பப் பழகினார்; ஆட்டோக்காரர்கள் "எழும்புன வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி" என்று வழி சொன்னார்கள்; துணி காயாத வீட்டுப் பெண்களெல்லாம் காற்று நன்றாக ஓடுகிறதே என்று சேலைகளைக் கொண்டுவந்து இடைவெளியில் காயப்போட, தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் வீடு கலர் கலராகப் பாவாடை கட்டிக்கொண்டு மிதப்பதுபோல் இருந்தது.

மாடியின் ஏற்ற இறக்கத்தையும் தெரு விரைவில் படித்துவிட்டது. பிறகும் துண்டையும் கல்லையும் வைத்துத்தான் சமைத்தோம்; அப்படி உருண்டை வைத்தால் இன்னும் ஒரு முழம் ஏறும். மீன் என்றால் அரை முழம். முட்டைக்கு விரல்கடை. சாம்பார், ரசம் என்று நாட்களைக் கடத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எதிர்வீட்டில் பல் விளக்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்து, "நேத்து மீனா பாப்பா?" என்பார்கள். காய்ச்சல்காரரிடம் இன்றைக்கு எப்படியிருக்கிறது என்று கேட்பதுபோலத்தான் கேட்பார்கள்.

எழும்பியதற்குக் காரணம் அமுக்கியதுதான் என்பது என் கோட்பாடு. துண்டையும் கல்லையும் போட்டு எதை அமுக்கி வைக்கிறோமோ அதுவே ஒருநாள் அடித்தளத்தோடு தூக்கும் என்று நான் நீளமாகச் சொல்வேன். நஸ்ரின் கேட்டுவிட்டு, "ஒரு குக்கர் ஆவிக்கு ஒரு தளத்தைத் தூக்குற பலம் கிடையாது. கணக்குப் போட்டாச்சு" என்பாள்.

"அப்புறம் எது தூக்குச்சாம்?"

"கோஃப்தா."

நலச்சங்கம் கூடியது அம்பலவாணன் சாரின் கூடத்தில். சுவர்களுக்கும் எங்கள் அடித்தளத்துக்கும் நடுவே வெயில் தாராளமாக விழுந்த அந்தக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, மாடி எழும்புவதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் கறியால் எழும்பக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஏணியின் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான், "அப்ப பாயசத்தால எழும்பலாமா சார்?" என்றேன். செயலாளர் யோசித்துப் பார்த்து, "அது தெய்வச் செயல்மா" என்றார்.

அந்தக் கூட்டத்தில் பேசாமல் காபி கொடுத்துக்கொண்டிருந்தவர் தையல்நாயகி ஆன்ட்டி, சாரின் மனைவி. மறுநாள் தூக்குவாளியில் எங்களுக்குக் கறிவேப்பிலைக் கொத்து ஒன்று ஏறி வந்தது. ஏணியில் இறங்கி இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தேன். ஆன்ட்டி அடுப்படியில் நின்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தின்மேல் வெயில் விழுந்திருந்தது. வீட்டுக்கு நடுவில் கட்டிய அடுப்படி அது, ஜன்னல் கிடையாது.

"கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து பட்டப்பகல்ல லைட்டப் போட்டுத்தான் அரிசியில கல்லு பொறுக்கியிருக்கேன்" என்றார். "இப்பதான் தெரியுது, இந்தச் சுவரு பச்சைக் கலரு."

"சார் எங்களைக் காலி பண்ணச் சொல்றாரு ஆன்ட்டி."

"சொல்லுவாரு" என்று முறத்தைத் தட்டினார்.

சொன்னார். ஐப்பசியில் அவருடைய அப்பாவின் தெவசம் வந்தது. அன்றைக்கு இலை போட்டு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்து, காக்கை எடுத்த பிறகுதான் அந்த வீட்டில் யாரும் வாயில் வைப்பார்கள். மொட்டைமாடியோ எங்கள் தலைக்குமேல். கும்பகோணத்திலிருந்து வருகிற அவருடைய அண்ணன் மாசிலாமணியால் முழங்கால் வலியோடு ஏணியேற முடியாது. ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டு சார் பேசினார். "அப்பா நாளுக்கு வீடு தரையில இருக்கணும்மா. இல்லன்னா இந்த மாசக் கடைசியில நீங்க வேற இடம் பார்த்துக்கங்க."

நான் சண்டைக்குத் தயாரானேன். நஸ்ரின் ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள்: "வேற இடம்னா இன்னொரு ஆறு மாசம் வீடு தேடணும். என் அத்தியாயம் அதோட போச்சு."

"அதுக்காக அடங்கிப் போறதா?"

"அதுக்காக இல்ல. அவங்க அப்பா நாளுடி. அதுக்கு இறங்கலாம். அதுக்கு மட்டும்."

தயிர்சோறு தின்றோம். தயிர்சோறும் நார்த்தங்காயும் தின்று தின்று, வீடு கட்டெறும்பு வேகத்தில் இறங்கியது. சேலைகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. ஆன்ட்டியின் சுவரில் வெயில் ஒரு கோடாகி, நூலாகி, தெவசத்தன்று காலையில் அணைந்தது. கீழே டியூப்லைட் போடும் சத்தம் கேட்டது. எங்கள் ஜன்னலில் கொழுப்புத் துண்டுக்காக நாள் முழுக்க உட்கார்ந்திருந்த காக்கைகளும் வாரத் தொடக்கத்திலேயே போய்விட்டிருந்தன. அதை நாங்கள் யாரும் அப்போது யோசிக்கவில்லை.

இலையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்து மொட்டைமாடிக்கு ஏறும்போது சார் நின்று சிரித்தார். "பார்த்தீங்களா, மனசு வெச்சா முடியுது. இனிமே இப்படியே இருந்துருங்க. இல்லன்னா நான் சொன்ன மாசக் கடைசி அப்படியே இருக்கு."

மரியாதைக்கு இறங்கிய வீட்டை ஒரேயடியாகத் தரையில் அறைந்துவிடும் ஆசை அவருக்கு. எனக்குக் காது சூடானது.

மேலே "கா... கா..." என்றார்கள். அண்ணனும் தம்பியும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்தும் உதவிக்குக் கூப்பிட்டார்கள். வடையை நகர்த்தி வைத்தார்கள், நெய் ஊற்றினார்கள், அணில் ஒன்று வந்து அதட்டப்பட்டுப் போனது. உச்சி வெயில் சாய்ந்தது. காக்கை வரவில்லை. "அப்பாவுக்கு என்மேல ஏதோ கோவம் அண்ணே" என்று அம்பலவாணன் சார் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்க எனக்குக்கூட ஒரு மாதிரி இருந்தது.

அப்போதுதான் தையல்நாயகி ஆன்ட்டி எங்கள் அடுப்படிக்குள் வந்தார். முந்தானையில் தக்காளி.

"காக்கா எதுக்கு வரும்னு உங்களுக்குத் தெரியும்" என்று தக்காளியை மேடையில் உருட்டிவிட்டார். "அடுப்பப் பத்த வைங்க."

"ஆன்ட்டி, இன்னைக்கா? உங்க மாமனார் நாள்ல?"

"எனக்குப் பசிக்குதுடி. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு வடை தட்டினவ நான். காக்கா வந்தாத்தான் எனக்குச் சோறு." போகும்போது திரும்பிப் பார்த்தார். "நான் தொட மாட்டேன். அது வேற. ஆனா அந்த லைட்ட இனிமே என்னால போட முடியாது."

பாய் கடை மூடுவதற்குள் நஸ்ரின் ஸ்கூட்டியில் போய் வந்தாள். புத்தகப் பையில் அல்ல, கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். பிழிந்தோம், பிசைந்தோம், இறக்கினோம், காதைப் பிடித்து ஆட்டினோம், மூடினோம். வெயிட் அசையத் தொடங்கியது. நஸ்ரின் ஒரு கையில் ஈரத்துண்டும் மறு கையில் கல்லுமாக அடுப்பின்முன் நின்றாள். பிறகு துண்டை உதறி ஆணியில் மாட்டினாள்.

"வேணாம்" என்றாள். "அடிக்கட்டும்."

அடித்தது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் அடுப்பில் இப்படிக் கேட்காத விசில். தெருவின் இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்கிய விசில். அதன் பின்னாலேயே தக்காளியும் சோம்பும் புதினாவும் வெந்த கறியும் தோளோடு தோள் சேர்ந்து படியிறங்கிப் போயின. முதலில் ரயிலடிப் பக்கமிருந்து ஒரு காக்கை வந்தது, பிறகு கோயில் கோபுரத்திலிருந்து வந்தன, மார்க்கெட்டிலிருந்து, மருத்துவமனை வேப்பமரத்திலிருந்து, ஊரில் இவ்வளவு காக்கைகள் இருக்கின்றன என்று எவருக்கும் தெரியாத அளவுக்கு வந்து சுவரெல்லாம் கறுத்தது. அவற்றில் ஒன்று நேராகப் போய்ச் சோற்றைத்தான் எடுத்தது. நியாயமாகப் பேச வேண்டும்: கறியைத் தேடவில்லை, சோற்றை, நெய்யோடு எடுத்தது.

"அப்பா வந்துட்டாருடா!" என்று மாசிலாமணி அழுதார்.

அவர் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அவருடைய காலுக்குக் கீழே இருந்தது. மாடி எழும்பியிருந்தது. எதையும் அமுக்காமலே, துண்டில்லாமல், கல்லில்லாமல், இதற்குமுன் ஏறியதையெல்லாம்விட உயரமாக எழும்பியிருந்தது. என் கோட்பாடு அங்கேயே செத்தது. நஸ்ரின் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். "கோஃப்தா" என்றாள்.

அண்ணனும் தம்பியும் இறங்கி எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஏணி இல்லை. கீழே, கடைசிப் படியில், தையல்நாயகி ஆன்ட்டி அதைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு நின்றிருந்தார். முகத்தில் வெயில்.

"ஏணியப் போடு. இலை ஆறுது" என்றார் சார்.

"அந்தப் பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்க."

"என்ன வார்த்தை?"

"உங்களுக்கே தெரியும்."

"தம்பி, என்ன வார்த்தையா இருந்தாலும் சொல்லிடு" என்றார் மாசிலாமணி. "எனக்குச் சுகரு. மாத்திரை கீழ இருக்கு."

அம்பலவாணன் சார் எங்கள் பக்கம் திரும்பினார். பழக்கத்தில் மூச்சை இழுத்தார். "சோம்பு லேசா கருகியிருக்கு" என்றார்.

"ஆமாம் சார்" என்றாள் நஸ்ரின்.

"காலி பண்ண வேண்டாம்."

"அது பாதி சார்" என்றேன்.

"சமைச்சுக்கங்க."

"என்னத்த சார்?"

இத்தனை வருடம் அந்தச் சொல்லைச் சொல்லாமலே அதைத் தடை செய்து வாழ்ந்தவர். கவுச்சி என்பார், அது என்பார், அந்த மாதிரி என்பார். "கறி" என்றார், ரகசியம் போல.

"எனக்குக் கேக்கல" என்றார் ஆன்ட்டி கீழேயிருந்து.

"கறி சமைச்சுக்கங்க!" என்று கத்தினார். தெரு முழுக்கக் கேட்டது. எதுவும் இடிந்து விழவில்லை. சுவரில் ஒரு காக்கை தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது.

ஆன்ட்டி ஏணியைத் தூக்கி வைத்தார். எட்டவில்லை. பாதியிலேயே நின்றது, அவ்வளவு உயரம் போயிருந்தோம். "இறங்குற வரைக்கும் அங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு, மாத்திரையைத் தூக்குவாளியில் வைத்துக் கயிற்றை ஆட்டிக் காட்டினார். பிறகு உள்ளே போய், பச்சைச் சுவருக்கு எதிரே, வெயிலில், தனக்கு முதல் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மேலே எங்களிடம் காலைத் தயிர்சோறு மீதியிருந்தது. அதை இருவருக்கும் போட்டோம், நார்த்தங்காயோடு. எங்களுக்கு உருண்டையும் குழம்பும். ஒன்றுகூட உடையவில்லை. பொட்டுக்கடலையால்தான் என்று நானும் புதினாவால்தான் என்று அவளும் சொல்லிக்கொண்டிருக்க, நாலு பேரும் ஒரே அடுப்படித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குக்கர் நடுவில் திறந்திருந்தது. அம்பலவாணன் சாரின் மூக்கு அன்று முழுக்க அவருடைய முகத்திலேயே இருந்தது.